கூடுதல் ரத்தம்

ஜனவரி 11

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

அக்கா எழுதறேன். இங்கே நான் சுகம். உன் சுகத்தையும் ஒளிக்காம எழுது.

உங்க அணைக்கட்டு கேம்ப்புல போன் எடுக்காதுன்னு தெரியும். ஆபீஸ் போன்ல கூப்பிட்டா, பத்துப் பேர் காதைத் தீட்டிட்டு நிக்கற இடத்துல அக்காவும் தம்பியும் என்னத்தைப் பேசறது? கடிதமே மேல்.

போன வாரம் பேக்கரியில ஒரு கூத்து. அடுப்புலேருந்து எடுத்த தட்டு அப்படியே என் இடது கையிலேருந்து நழுவிடுச்சு. அவ்வளவு ரொட்டியும் தரையில. "ஏய் தக்காளி, நின்னுட்டே தூங்கறியா?"ன்னு மாஸ்டர் கத்தினார். என் மூஞ்சி எப்பவும் சிவந்தே கிடக்கறதால இங்கே எனக்கு அந்தப் பேர். இத்தனை வருஷம் அடுப்பு வெக்கையில நின்னா யாருக்குத்தான் சிவக்காது? கை கொஞ்ச நேரம் மரத்துப்போய், அப்புறம் தானா சரியாயிடுச்சு. ஒண்ணுமில்ல. ஆனா கத்தின அதே மாஸ்டர்தான், டாக்டரைப் பார்த்துட்டு வந்தாத்தான் அடுப்பு பக்கம் விடுவேன்னு அடம் பிடிக்கிறார். பார்த்துட்டு எழுதறேன்.

வெல்டிங் பண்ணும்போது முகமூடியைக் கழட்டாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

சுண்டு எழுதறேன். நான் யானை மாதிரி இருக்கேன். நீ எப்படி?

அவ்வளவு ரொட்டியைத் தரையில போட்டும் உன்னை வேலையில வெச்சிருக்காரே, அந்த மாஸ்டர் தங்கமான மனுஷன். அவரை விட்டுடாதே. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு உடனே எழுது.

இங்கே எல்லாம் வழக்கம்போல. தகரக் கொட்டகை, தகரத் தட்டு, தகரம் மாதிரி சாப்பாடு. தண்ணிதான் மோசம். குளிச்சுட்டு வந்தா உடம்பு பூரா ஊசியால குத்தற மாதிரி அரிக்குது. அரை மணி நேரம் பேயாட்டம் ஆடறேன். என் ரூம்ல ஒரு கிரேன் ஓட்டறவர் இருக்கார். அதே தண்ணியிலதான் குளிக்கிறார், பாட்டு வேற பாடறார். அவருக்கு எருமைத் தோல் போல.

கேம்ப் டாக்டர்கிட்ட காட்டுன்னு நீ ஆரம்பிச்சுடாதே. தண்ணிக்கெல்லாம் யாராவது மருந்து சாப்பிடுவாங்களா?

உன் தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

அக்கா எழுதறேன். நீ நல்லா இருக்கணும்.

இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இதையாவது அனுப்பிடணும்.

கை மரத்துப் போனது ஒண்ணுமில்லன்னு எழுதினேன் இல்லையா? மூளைக்குப் போற சின்ன ரத்தக் குழாயில ஏதோ அடைச்சுட்டு, நல்ல காலம், தானா விலகியிருக்கு. விலகாம இருந்திருந்தா இதை நான் எழுதிட்டிருக்க மாட்டேன். ஏன் அடைச்சுதுன்னு பார்க்க ரத்தம் எடுத்தாங்க. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. ரத்த நோய்க்குன்னே தனி டாக்டர் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, "உங்களுக்கு ரத்தம் ஜாஸ்தியா இருக்கும்மா"ன்னாங்க. நான் சிரிச்சுட்டேன். ரத்தம் இல்லைன்னு சொல்லித்தானே கேட்டிருக்கோம். அந்தம்மா சிரிக்கல.

எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜைதான் ரத்த அணுக்களைச் செய்யுமாம். எனக்கு அது யார் சொல்லையும் கேக்காம சிவப்பு அணுவைச் செஞ்சு தள்ளுதாம். போதும்னு நிறுத்தத் தெரியல. அதனால ரத்தம் கெட்டியாகி, எங்கே வேணும்னாலும் அடைக்கலாமாம். பேர் பாலிசைதீமியா வேரா. ரொம்ப அபூர்வம், எதனால வருதுன்னு சொல்ல முடியாது, சரியாகவும் ஆகாது, ஆனா கட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு ரொம்ப வருஷம் வாழலாம்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. அது பெருசா ஒண்ணுமில்ல, அப்புறம் எழுதறேன்.

மூஞ்சி சிவப்பு அடுப்பால இல்லையாம், சுண்டு. இத்தனை வருஷமா என் மூஞ்சி சொல்லிட்டே இருந்திருக்கு. நாங்க எல்லாரும் தக்காளின்னு சிரிச்சுட்டிருந்திருக்கோம்.

பயமா இருக்குன்னு எழுத வேண்டாம்னு நினைச்சேன். எழுதிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


மார்ச் 20

அக்கா,

படிச்சேன். மறுபடி மறுபடி படிச்சேன். நீ தனியா அந்த மாடி ரூம்ல இருக்கியேன்னுதான் எனக்குக் கவலை. அப்பா அம்மா இருந்திருந்தா பரவாயில்ல. நான் ஒருத்தன்தானே இருக்கேன், நானும் இங்கே கிடக்கேன்.

லீவு கேட்டிருக்கேன். வந்துடறேன். நல்ல டாக்டர்னா அவங்க சொல்றபடி கேளு, உன் புத்தியைக் காட்டாதே.

அந்த இன்னொண்ணு என்ன? பெருசா ஒண்ணுமில்லன்னா எழுதியிருப்பியே.

தைரியமா இரு.

சுண்டு


ஏப்ரல் 18

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

அக்கா எழுதறேன். இந்த வாரம் பரவாயில்ல. நீ எப்படி இருக்கே?

லீவு கிடைக்கலைன்னு நினைக்கிறேன். பரவாயில்ல. படிக்கட்டுல செருப்புச் சத்தம் கேட்டா நீயோன்னு பார்க்கறேன், அவ்வளவுதான்.

வைத்தியம் என்னன்னு கேட்டா நீ சிரிப்பே. ரத்தத்தை எடுத்து வெளியே கொட்டறது. ஊசி குத்தி, ஒரு பை நிறையற வரைக்கும் எடுக்கிறாங்க. என் ரத்தம் ஜாம் மாதிரி. குழாயில நகரவே மாட்டேங்குது. நர்ஸ் கையை மூடித் திறங்க, மூடித் திறங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. "இதை யாருக்காவது ஏத்துவீங்களா?"ன்னு கேட்டேன். இல்லம்மா, இதைப் பயன்படுத்தறதில்லன்னாங்க. அந்தப் பை கருஞ்சிவப்பா, சூடா, என் பக்கத்துலேயே கிடந்தது. எனக்கு அழுகை வந்துடுச்சு. எதுக்குன்னு தெரியல.

ரத்தத்துல சிவப்பு அணு எவ்வளவு பங்குன்னு ஒரு கணக்கு. எனக்கு அம்பத்தெட்டு. நாப்பத்தஞ்சுக்குக் கீழே கொண்டு வரணும், கொண்டு வந்து அங்கேயே பிடிச்சு நிறுத்தணும். அதுவரைக்கும் அடிக்கடி எடுப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க தினம் சின்ன ஆஸ்பிரின் மாத்திரை. எனக்கு ஒரு தடவை அடைச்சதால, மஜ்ஜையை அடக்கறதுக்குத் தனியா ஒரு காப்ஸ்யூல். தண்ணி நிறையக் குடிக்கணும். கீழ்வீட்டம்மா நான் வாடிப்போயிட்டேன்னு ரத்தம் ஊற டானிக் வாங்கிட்டு வந்தாங்க. இரும்புச் சத்து எனக்கு ஆகாது, அடுப்புல நெய் ஊத்தின மாதிரி ஆயிடும். வாங்கி அலமாரியில வெச்சிருக்கேன், மனசு நோகக் கூடாதுன்னு.

வெந்நீர்ல குளிக்கக் கூடாது. குளிச்சா உடம்பு அரிக்கும், எனக்கு ரொம்ப நாளா இருந்தது. சோப்புன்னு நினைச்சு சோப்பா மாத்திட்டிருந்தேன். அதுவும் இந்த நோய் பண்ற வேலைதானாம்.

வேலைக்குப் போறேன். மாஸ்டர் தட்டு தூக்க விடறதில்ல, மாவு எடை போடச் சொல்றார். துலக்கின தட்டுல என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சுப் பார்க்கறேன். மறுபடி அடைச்சு வாய் ஒரு பக்கம் கோணுதான்னு. ரெண்டு கையையும் தூக்கிப் பார்க்கறேன். பக்கத்துல நிக்கறவங்க நான் உடற்பயிற்சி பண்றேன்னு நினைக்கிறாங்க. வீட்டுக்கு வந்தா கதவுக்குத் தாழ்ப்பாள் போடறதில்ல. விழுந்துட்டா யாராவது உள்ளே வரணுமே. ஆனா தாழ்ப்பாள் போடாத வீட்டுல இருக்கவும் பயமா இருக்கு. இப்படி ஒரு பயத்துக்கு இன்னொரு பயத்தைக் காவல் வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்.

பதில் போடு.

அக்கா


மே 27

அக்காவுக்கு,

சுண்டு. நான் நல்லா இருக்கேன், ஒரு குறையும் இல்ல.

பதில் தாமதம். வேலை தலைக்கு மேல. மதகுக்கு இரும்புக் கதவு மாட்டறாங்க, வெல்டர் எல்லாரையும் அங்கேயே நிறுத்திட்டாங்க. லீவு தரமாட்டேன்னுட்டாங்க. நேத்து கிரேன்காரர் ஒரு இரும்புத் துண்டைத் தூக்கிட்டுப்போய் இன்ஜினியர் ஜீப்புக்குக் குறுக்கே வெச்சுட்டார். ஜீப் வெளியே வர முடியல. இன்ஜினியர் வெயில்ல நடந்தே போனார். நாங்க எல்லாரும் வேலை பார்க்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டோம்.

கணக்கு இப்போ எவ்வளவு வந்திருக்கு? எழுது. தாழ்ப்பாள் விஷயம் எனக்கு மனசு கேக்கல. ஒரு சாவியைக் கீழ்வீட்டம்மாகிட்ட குடுத்துட்டு, தாழ்ப்பாள் போடாம பூட்டிக்கோ.

அப்புறம், இந்த நோய்ல சிலருக்குக் கால் விரலெல்லாம் நெருப்பு மாதிரி எரியுமாமே, அது எல்லாருக்கும் வருமா? வந்தா மோசமா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

சுண்டு


ஜூன் 9

சுண்டு,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்ல.

கால் எரிச்சலைப் பத்தி நான் ஒரு வரி கூட எழுதல. எனக்கு அது வந்ததே இல்ல. உனக்கு யார் சொன்னா?

உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஜனவரியில தண்ணியை அந்தத் திட்டு திட்டியிருக்கே. நான் ஏப்ரல்ல அரிப்பைப் பத்தி எழுதினேன். அதுக்கப்புறம் உன் கடிதத்துல தண்ணியைக் காணோம். கேம்ப்புல தண்ணி திடீர்னு நல்லதாயிடுச்சா?

எனக்கு ரத்தம் எடுக்கும்போது டாக்டரம்மாகிட்ட கேட்டேன். கூடப்பிறந்தவங்களுக்கு வருமான்னு. பொதுவா குடும்பத்துல வர்றதில்ல, ஆனா அபூர்வமா ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு வந்திருக்குன்னாங்க. நீ எழுதினதைச் சொன்னேன். கண்ணாடியை நெத்தியிலேருந்து கீழே இறக்கிட்டாங்க. "முதல்ல ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும்மா, உடனே எடுக்கச் சொல்லுங்க, தள்ளிப்போட வேண்டாம்"னாங்க.

கேம்ப் டாக்டர்கிட்ட இன்னிக்கே போ. என் நோய்ப் பேரைச் சொல்லு, எழுத்துக் கூட்டிச் சொல்லு. ஊசின்னா உனக்குப் பயம்னு எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கோ. வேற ஏதாவது நோயா இருந்தா சந்தோஷம். ஒண்ணுமே இல்லன்னா, அக்காவுக்குப் பைத்தியம்னு கேம்ப் பூரா சொல்லிச் சிரி. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

போடா. தயவு செஞ்சு போ.

அக்கா


ஜூலை 8

சுண்டு,

ஒரு மாசம் ஆச்சு. பதில் இல்ல.

மூணு தடவை ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். ஒருத்தர், வேலையில இருக்கார்னார். ஒருத்தர் யாருன்னு கேட்டுட்டு வெச்சுட்டார். மூணாவது தடவை அடிச்சுட்டே இருந்தது.

எனக்குக் கணக்கு நாப்பத்தொன்பதுக்கு வந்திருக்கு. யார்கிட்ட சொல்றது?

கோவமா? கோவம்னா கோவம்னு ஒரு வரி எழுது. வெறும் தாளை மடிச்சு அனுப்பு. மேல்விலாசம் உன் கையெழுத்துல இருந்தாப் போதும்.

அக்கா


ஜூலை 19

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பியுடன் ஒரே அறையில் தங்கியிருக்கும் கிரேன் ஓட்டுநர் வணக்கத்துடன் எழுதுவது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தம்பி உயிரோடு இருக்கிறார், பேசுகிறார், ஆபத்தைத் தாண்டிவிட்டார். இதைப் படித்து மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படிக்கவும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இரண்டு மூன்று மாதமாகவே அவர் சரியில்லை. கால் எரிகிறது என்று வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாதிச் சாப்பாட்டில் வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவார். குளிப்பதையும் விட்டுவிட்டார். நாற்றத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேன், அடிக்க வந்துவிட்டார். தங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்தது. படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். என்ன அண்ணே விசேஷம் என்றேன். அக்காவுக்குப் பைத்தியம் என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

சென்ற வாரம் அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கி, கல் மாதிரி ஆகி, சாரத்திலிருந்து இறங்க முடியாமல் நின்றுவிட்டார். கிரேனில் தொட்டி கட்டி நான்தான் இறக்கினேன். அவ்வளவு மெதுவாக நான் எதையும் இறக்கியதில்லை. கேம்ப் டாக்டர் காலைப் பார்த்தவுடனே வண்டி ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். காலில் ரத்தம் உறைந்திருந்ததாம். மேலே நுரையீரலுக்கு ஏறியிருந்தால் கஷ்டமாம். ஏறவில்லை. தங்களுக்கு இருக்கும் நோய்தான் இவருக்கும் என்று சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

அக்காவுக்கு எழுதாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறி எழுதுகிறேன். வார்டு முகவரி பின்பக்கம் உள்ளது. தாங்களும் உடல்நலமில்லாதவர். பதறி ஓடி வந்து தங்களுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது.

இப்படிக்கு,
கிரேன் ஓட்டுநர்


ஜூலை 24

அக்கா,

கிரேன்காரர் எழுதிட்டேன்னு ஒத்துக்கிட்டார். மூஞ்சியை அப்படி வெச்சிருந்தார், திட்டக் கூட முடியல.

எனக்கும் அதேதான். கணக்கு அறுபதாம். உன்னைவிட ரெண்டு ஜாஸ்தி. சின்ன வயசுலேருந்து உன்னை எதுலயாவது ஜெயிக்கணும்னு பார்த்தேன், இதுல ஜெயிச்சிருக்கேன் பாரு.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்னிக்கு நான் குளிக்கப் போயிட்டிருந்தேன். வழியிலேயே பிரிச்சுப் படிச்சேன். குளிச்சா அரிக்கும், அது நோய்னு எழுதியிருந்தே. வாளியை அங்கேயே வெச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறம் குளிக்கவே இல்லக்கா. ஈரத் துணியால தொடைச்சுட்டுப் போவேன். குளிச்சாத்தானே அரிக்கும், அரிச்சாத்தானே தெரியும். சிரிப்பா இருக்கில்ல? அப்போ எனக்கு அது ரொம்பச் சரியா பட்டுது.

லீவு தரமாட்டேன்னாங்கன்னு எழுதினது பொய். குடுத்துட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். வந்தா நீ என் மூஞ்சியைப் பார்ப்பே. பார்த்த உடனே உனக்குத் தெரிஞ்சுடும். உனக்கு உன்னைப் பத்தின பயமே போதும்னு நினைச்சேன். இப்படிச் சொன்னா நல்லவன் மாதிரி இருக்கு. நிஜம் அது இல்ல. டாக்டர் வாயால கேக்கப் பயந்தேன்.

நேத்து கேட்டுட்டேன். இங்கே டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கார், கட்டில்லேயே உட்கார்ந்து பொறுமையா சொன்னார். இது ரத்தப் புற்றுநோய்லயே மெதுவா நகர்ற ஒரு வகைன்னார். எனக்குக் காது அடைச்சுடுச்சு. அவர் அதுக்கு மேலயும் என்னென்னவோ சொல்லிட்டே போறார், கட்டுப்படும், ரொம்ப நாள் இருக்கலாம், மத்த வகை மாதிரி இல்லன்னு. எனக்கு ஒண்ணுதான் ஓடிட்டிருந்தது. மார்ச்லேயே இதை உன்கிட்ட சொல்லியிருப்பாங்க. "இன்னொண்ணு, பெருசா ஒண்ணுமில்ல"ன்னு எழுதினியே, அது இதுதானே?

இத்தனை மாசம் அந்த வார்த்தையை ஒத்தையா வெச்சுக்கிட்டு மாவு எடை போட்டிருக்கே. நான் இங்கே குளிக்காம ஒளிஞ்சிட்டிருந்தேன்.

வராதே. பஸ்ல அவ்வளவு தூரம் உட்காரக் கூடாதுன்னு எனக்கே சொல்லிட்டாங்க, உனக்கும் அதேதானே. கால் வீக்கம் குறையுது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுக்கிறாங்க. நாளைக்கு முதல் பை எடுப்பாங்க. ஊசியைப் பார்க்காம ஜன்னலைப் பார்ப்பேன்.

ரொம்பப் பயமா இருக்குக்கா.

சுண்டு


ஆகஸ்ட் 3

சுண்டுக் கண்ணுக்கு,

அக்கா எழுதறேன், பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்து. எழுத்து ஆடுதேன்னு பயப்படாதே, ரோடுதான் ஆட்டுது.

வராதேன்னு நீ எழுதினது நேத்து வந்தது. அதுக்குள்ள டிக்கெட் எடுத்தாச்சு. கிரேன்காரர் கடிதத்தைப் பார்த்த அன்னிக்கே கிளம்பியிருப்பேன். டாக்டரம்மாதான் பிடிச்சு உட்கார வெச்சு, "இந்தக் கணக்கோட பஸ்ல போகக் கூடாது"ன்னு ஒரு பை எடுத்தாங்க, ரெண்டு நாள் படுக்க வெச்சாங்க. இப்போ நாப்பத்தாறு. பஸ் நிக்கற இடத்துலெல்லாம் இறங்கி நடக்கணும், தண்ணி குடிச்சுட்டே இருக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. மாஸ்டர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தார். பை நிறைய ரொட்டி குடுத்துட்டுத் திரும்பிப் பார்க்காம போயிட்டார்.

ஆமா, அதேதான். மார்ச்ல சொன்னாங்க. உனக்கு எழுதணும்னு பேனாவை எடுப்பேன், முதல் எழுத்தோட நின்னுடும். தாள்ல எழுதிட்டா அது எனக்குத்தான்னு ஆயிடும் போல இருந்தது. யார்கிட்டயும் சொல்லல. கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். சத்தம் வரல. இப்போ எழுதறேன் பார்: புற்றுநோய். எழுதியாச்சு. பஸ் பாட்டுக்குப் போயிட்டிருக்கு.

நீ எழுதாம இருந்த அந்த ஒரு மாசத்துல எனக்கு என் நோய் ஞாபகமே இல்ல, தெரியுமா? காப்ஸ்யூலைக் கடிகாரம் பார்த்து முழுங்குவேன், ஆனா நினைப்பெல்லாம் உன் கால் மேல. எனக்கு ஒண்ணு ஆனா நீ இருக்கேன்னு நினைச்சுட்டிருந்தவ. உனக்கு ஆனா எனக்கு யார் இருக்கான்னு அப்போதான் தோணுச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே நோய்ங்கறது எனக்கு ஆறுதலா இருக்கும்னு நினைக்காதே. இல்ல. எனக்கு மட்டும் வந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்.

உன்னை டிஸ்சார்ஜ் பண்ணினதும் என் கூடவே கூட்டிட்டு வரப் போறேன். டாக்டரம்மாகிட்ட சொல்லியாச்சு. ரத்தம் எடுக்க அடுத்தடுத்த கட்டில் போடறேன்னாங்க. நீ கத்தினா நான் கேலி பண்ணுவேன். வேலை போனாப் போகட்டும்னு சொல்ல மாட்டேன், அது உன் இஷ்டம். ஆனா சாரம் ஏறறதைப் பத்தி உன் டாக்டர்கிட்ட நான் கேப்பேன், நீ வாயை மூடிட்டு உட்கார்ந்திருக்கணும்.

இதை அடுத்த ஊர்ல தபால் பெட்டியில போட்டுடுவேன். இது வர்றதுக்கு முன்னாடி நான் வந்து நிப்பேன். அப்புறம் எதுக்கு எழுதறேன்னா, உன்னை நேர்ல பார்த்தா நான் தைரியசாலி வேஷம் போட்டுடுவேன். கட்டிலைச் சுத்திப் போர்வையைச் சரி பண்ணுவேன், நர்ஸை அதிகாரம் பண்ணுவேன், ஒண்ணுமில்லடா ஒண்ணுமில்லடான்னு சொல்லிட்டே இருப்பேன். அதை நம்பாதே. எழுத்து ஆடறது ரோட்டால மட்டும் இல்ல. இந்தக் கடிதம் வந்ததும், நான் பக்கத்துல இருக்கும்போதே, எனக்குத் தெரியாம இதைப் படி. படிச்சுட்டு ஒண்ணும் கேக்காதே. கொஞ்சம் தள்ளிப் படுத்து எனக்கு உட்கார இடம் விடு.

பஸ் நிக்குது. அஞ்சே நிமிஷம்தான்னு கண்டக்டர் எல்லாரையும் விரட்டறார். இறங்கி நடக்கப் போறேன். அவர் விசில் அடிச்சுட்டே கிடக்கட்டும். ரெண்டு கால்லயும் ரத்தம் ஓடற வரைக்கும் நடந்துட்டுத்தான் ஏறுவேன்.

அக்கா